லால்பாகில் கால் முளைத்த பேய்

பேயென்றால் கதவடைக்கும் குடும்பத்தில் பிறந்துவிட்டு, சொந்தமாக ஒரு பேயை வளர்த்தவள் நான். ஒளித்து மறைத்து வளர்க்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் வளர்த்தேன். நான் சொன்னதை யாரும் நான் சொன்ன அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது வேறு கதை. வேறு கதை என்ன, அதுதான் இந்தக் கதை.

அப்போது நாங்கள் பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே குழாய். அம்மா கார்மென்ட்ஸில் சட்டைக் காலர் தைப்பாள். அப்பாவுக்கு ஹெப்பகோடிப் பக்கம் லேத் வேலை. அப்பாவின் தம்பியான என் சித்தப்பா, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் போர்டுகளுக்குச் சால்டரிங் செய்கிற வேலையில் இருந்தார். கல்யாணம் ஆகாதவர் என்பதால் எங்களோடுதான் ஜாகை.

அந்த வரிசையில் ஏறக்குறைய எல்லாக் கதவுகளிலும் பெயின்டால் கன்னடத்தில் 'நாளே பா' என்று எழுதியிருக்கும். நாளைக்கு வா என்று பொருள். ஒரு பேய் தெருத்தெருவாக வருகிறது, வீட்டு மனிதர்களின் குரலிலேயே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, கதவைத் திறந்தால் ஆள் காலி என்று நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஊரெல்லாம் பேச்சாம். கதவில் இப்படி எழுதி வைத்தால் பேய் அதைப் படித்துவிட்டு, சரி நாளைக்கு வருவோம் என்று போய்விடும். மறுநாள் வந்தாலும் அதே எழுத்து. ஆபீஸ் ஆபீஸாக அலைந்து நொந்த யாரோ ஒருவர்தான் இந்த உபாயத்தைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்தப் பேச்சு ஓய்ந்து வருஷங்கள் ஆன பிறகும் அம்மா மட்டும் எங்கள் கதவில் சாக்பீஸ் எழுத்து மங்க மங்க அதைப் புதுப்பித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்துக் கோலம் போடுவது போல வரைவாள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் என் பேய் வந்தது. கதவைத் தட்டிக்கொண்டு அல்ல, சித்தப்பாவின் டிபன் பாக்ஸ் பையில்.

கம்பெனியில் வெளிநாடு போய்வந்த இன்ஜினியர் ஒருவருக்கு இரண்டு பையன்கள். ஆளுக்கொன்றாக, கையில் வைத்து விளையாடுகிற வீடியோ கேம் இரண்டு வாங்கி வந்திருந்தார். பையன்கள் அலுத்துப்போய்த் தூக்கிப் போட்டதும், "ரிப்பேர் பண்ணி யாராச்சும் வச்சுக்கங்க" என்று வேலை செய்கிறவர்களிடம் கொடுத்துவிட்டார். ஒன்றைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். இன்னொன்றை, பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிற ஒரு ஃபிரண்டு எடுத்துக்கொண்டாராம். சித்தப்பா அதைப் பிரித்து, அறுந்த ஒயரை ஒட்டவைத்து, பேட்டரி போட்டு என் கையில் கொடுத்தார். பழுப்புத் திரை. வெளிச்சம் கிடையாது. டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால்தான் படம் தெரியும். எனக்கு அது போதும்.

காட்டிலும் மேட்டிலும் அலைந்து விதவிதமான ஜந்துக்களைப் பிடித்துப் பழக்கி, மற்றவர்களின் ஜந்துக்களோடு சண்டைக்கு விடுகிற விளையாட்டு அது. சேவல்கட்டு மாதிரிதான், ரத்தம் மட்டும் கிடையாது. இந்த ஜந்துக்கள் கார்ட்டூனாக டிவியில் வந்து ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பைத்தியமானது அதற்குப் பிறகுதான். அவர்கள் நெருப்புக் கக்குகிற ஜந்துவுக்கும் மின்னல் அடிக்கிற ஜந்துவுக்கும் அடித்துக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது பேய் ஒன்றுதான்.

அதை ஓர் இடிந்த பங்களாவில் பிடித்தேன். பிடித்தபோது வெறும் புகை. புகைக்கு நடுவில் இரண்டு கண். கொஞ்ச நாளில் முகம் வந்தது, காதுவரை கிழிகிற சிரிப்பு வந்தது, இரண்டு கை வந்தது. கால் மட்டும் வரவில்லை. அந்தரத்தில் மிதந்தபடி சிரித்துக்கொண்டிருக்கும். குட்டிச்சாத்தான் என்று பெயர் வைக்கச் சொன்னார் சித்தப்பா. அத்தனை எழுத்துக்கு இடமில்லை என்று மெஷின் மறுத்துவிட்டதால் 'குட்டி' என்று நின்றது.

அதை எவ்வளவு மெச்சினேன் என்று இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். மலை போல ஒரு காண்டாமிருகம் ஓடி வந்து முட்டும். குட்டி அப்படியே நிற்கும். அடி அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். குட்டி சிரிக்கும். நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கும், காண்டாமிருகம் கை கால் விளங்காமல் நிற்கும். கணக்கு டீச்சரின் ஸ்கேலுக்கு நாள் தவறாமல் உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருந்த எனக்கு, அடித்தால் அடிபடாத ஒரு ஜீவன் உலகத்தில் இருக்கிறது என்பதே பெரிய ஆறுதல். அது யாரையும் கொன்றதில்லை. தூங்கவைக்கும், பயங்காட்டும், அவ்வளவுதான். பெரிய மனது உள்ள பேய்.

குறை ஒன்றே ஒன்று. மற்ற ஜந்துக்கள் எல்லாம் சண்டை போடப் போட மூன்றாவது உருவத்துக்கு வளர்ந்தன. குட்டிக்கு மட்டும் எத்தனை ஜெயித்தாலும் கால் முளைக்கவில்லை. "பேய்க்குக் கால் ஏதுடி" என்றாள் அம்மா, நான் சொல்வது என்னவென்று தெரியாமலே. ஆனால் விளையாட்டின் அட்டையில் படம் இருந்தது. இதே சிரிப்பு, இதே கை, கீழே குண்டுக் குண்டாக இரண்டு கால், தரையில் அழுந்த ஊன்றி நின்றது. அந்தப் படத்தைத் தொட்டுத் தொட்டு அட்டையே வெளுத்துவிட்டது.

ஒருநாள் சித்தப்பா வேலை முடிந்து வந்ததும் வராததுமாகச் சொன்னார். "குட்டி ஏன் வளரலன்னு கேட்டுக்கினு வந்துட்டேன். அந்த ஜாதி பேய் நம்மகிட்டயே இருந்தா வளராதாம். இன்னொருத்தருக்குக் குடுத்தாத்தான் வளரும்."

"குடுத்துட்டா நமக்கு?"

"திரும்ப வாங்கிக்கலாம். ஃபிரண்டுகிட்ட இன்னொரு மெஷின் இருக்குது, ஒயரும் இருக்குது. ஞாயித்துக்கெழம லால்பாக் போலாம் வா."

எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. கொடுத்த பென்சிலே திரும்பி வராத பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள் நான். பேயைக் கொடுத்தால் யார் திருப்பித் தருவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். ஃபிரண்டு என்றால் மீசை வைத்த ஓர் ஆளை எதிர்பார்த்திருந்தேன். லால்பாகின் பாறை மேட்டில் எங்களுக்காகக் காத்திருந்தது ஓர் அக்கா. மஞ்சள் சுடிதார், தோளில் கம்பெனி பை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு டாலர். டாலரில் சுருட்டை முடியோடு ஒரு சாமி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டுச் சாமிகள் எல்லாம் கண்ணை உருட்டி முழித்துக்கொண்டிருக்கிறவை. இது ஏன் தூங்குகிறது என்று கேட்டேன். "தூங்கல கண்ணு, நிம்மதியா இருக்காரு" என்றது அக்கா.

ஒயரின் ஒரு முனை என் மெஷினில், மறுமுனை அக்காவின் மெஷினில். சும்மா கொடுக்க முடியாது. ஒன்றைக் கொடுத்தால் ஒன்றை வாங்க வேண்டும், அதுதான் அந்த விளையாட்டின் சட்டம். அக்கா ஒரு மீனைத் தந்தது. திரையில் ஒரு பந்து குழாய்க்குள் நுழைந்து மெல்ல நகர்ந்து போயிற்று. என் திரை காலியானது. மெஷினைக் குலுக்கிப் பார்த்தேன். அடுத்த நிமிடம் அக்காவின் திரையில் குட்டி தோன்றி, நடுங்கி, வெள்ளையாகப் பளிச்சிட்டு, இரண்டு குண்டுக் கால்களோடு தொப்பென்று நின்றது.

நான் போட்ட கத்தலில் பக்கத்தில் மாங்காய் தின்றுகொண்டிருந்த குடும்பமே திரும்பிப் பார்த்தது.

பிறகு, "குடுங்க, குடுங்க" என்று பறந்தேன். சித்தப்பா என் மெஷினைக் கையில் எடுத்து ஏதோ பொத்தானை அழுத்தப் போனார். அக்கா தன் கையை அவர் கைமேல் வைத்து மூடியது.

"ஒடனே வாங்கினா கால் நிக்காதே பாப்பா. ஒரு மண்டலமாச்சும் எங்கிட்ட இருக்கட்டும். நீ வாராவாரம் வந்து பாத்துக்க."

ஒரு மண்டலம் என்பது எனக்குப் புரிந்த கணக்குதான். அப்பா மாலை போட்டால் அத்தனை நாள் விரதம் இருப்பார். சாமிக்கே அவ்வளவு நாள் வேண்டுமென்றால் பேய்க்கு வேண்டாமா? சித்தப்பாவைப் பார்த்தேன். சித்தப்பா ஏனோ வானத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆமா ஆமா, மண்டலம் ஆவணும்" என்றார்.

அதன்பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் தவறவில்லை. அக்கா மெஷினை என்னிடம் கொடுத்துவிடும். நான் குட்டியின் காலைப் பார்த்தபடி விளையாடுவேன். அவர்கள் இருவரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பேசுவார்கள். என்னதான் பேசுவார்களோ, வாரம் முழுக்கப் பக்கத்துப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்தும் தீராத பேச்சு. எனக்குக் கடலை, மாங்காய்க் கீற்று, சில நாள் ஐஸ்கிரீம். என் வாழ்நாளில் அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை நடத்தியதில்லை. எல்லாம் குட்டியின் பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் எங்கே போய் வருகிறாய் என்று கேட்டால் மறைக்காமல் சொன்னேன். பேயைப் பார்க்கப் போனோம். லால்பாகில் இருக்கிறது. கால் முளைத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் வீட்டுக்கு வந்துவிடும். அம்மாவுக்கு முகம் வெளிறியது. தூக்கத்திலும் நான் "கால் நிக்குதா, கால் நிக்குதா" என்று பிதற்றினேனாம். பக்கத்து வீட்டம்மா யோசனை சொல்ல, ஒரு வியாழக்கிழமை லீவு போட்டு என்னைத் தர்காவுக்கு இழுத்துக்கொண்டு போனாள் அம்மா.

தர்காவில் மந்திரிக்கிற பெரியவர் மயில்தோகையால் என் தலையில் தட்டிவிட்டு விசாரித்தார்.

"பேட்டீ, எம் மகளே, பேய் எங்க இருக்குது?"

"லால்பாக்ல."

"அங்க யாருகிட்ட இருக்குது?"

"ஒரு அக்காகிட்ட. எங்க சித்தப்பாதான் கூட்டிட்டுப் போனாரு. வாராவாரம் போய்ப் பாப்போம்."

பெரியவரின் தாடி அசைந்தது. சிரிப்பை மென்று விழுங்குகிறார் என்று அப்போது தெரியவில்லை, மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன். என் கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டு அம்மாவிடம், "கவலப்படாதேம்மா. புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. அது நல்ல பேய்தான், ஒருநாள் உங்க வீட்டுக்கே வந்து சேரும்" என்றார். நல்ல பேயோ கெட்ட பேயோ, வீட்டுக்கு வரும் என்றது மட்டும்தான் அம்மா காதில் விழுந்தது. திரும்பி வந்த கையோடு கதவில் 'நாளே பா'வை முழ நீளத்துக்குப் பெரிதாக எழுதினாள்.

அதே வாரம் அப்பா, ஊரில் சித்தப்பாவுக்குப் பெண் பார்த்திருப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூர் போக வேண்டும். சித்தப்பா ஓவர்டைம் இருக்கிறது என்றார். அதற்கடுத்த ஞாயிறு? அன்றைக்கும் ஓவர்டைம். அப்பாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அவர் கேட்டது சித்தப்பாவை அல்ல, என்னை.

"நீ சொல்லு. ஞாயித்துக்கெழமையானா உன்ன எங்க இட்டுக்கினு போறான்?"

சித்தப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் அப்படியொரு கலக்கத்தை நான் பார்த்ததே இல்லை.

"பேயப் பாக்கப்பா. இன்னும் மண்டலம் முடியல" என்றேன்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கயிறு கட்டிய கையைத் தூக்கிக் காட்டினாள். "கேக்காதிங்க. அது பேரச் சொல்லிப் பேசுனாலே ஏறிக்குமாம். இப்பத்தான் கட்டிக்கினு வந்துருக்கேன்."

லேத்தில் இரும்பையே சீவுகிற அப்பா, அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டு வேறு கேள்வி கேட்கவில்லை. சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பரீட்சையில் நான் நூற்றுக்கு நூறு வாங்கியது போல இருந்தது அது. எனக்கு என்ன என்று புரியவில்லை.

மண்டலம் முடிவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டார். நானும் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு நின்றேன். இன்றைக்கு வேண்டாம், நானே போய்க் குட்டியைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லி மெஷினை மட்டும் வாங்கிக்கொண்டார். வாசலில் கதவின் எழுத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அவரும் கன்னடம் படிக்கத் தெரியாதவர்தான், ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியும். அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வரவில்லை. ராத்திரியும் வரவில்லை. நான் குட்டிக்காக அழுதேன், அம்மா சித்தப்பாவுக்காக. மறுநாள் கம்பெனி ஆள் ஒருவர் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். என் மெஷின் இருந்தது, ஒயர் இருந்தது. பொத்தானைத் தட்டினேன். குட்டி இரண்டு கால்களையும் அழுந்த ஊன்றிச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் துள்ளிக் குதித்தபோது அந்த ஆள் அப்பாவிடம், ரிஜிஸ்டர் கல்யாணம் முடிந்த செய்தியைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. என்ன படித்திருக்கிறாள் என்று கேட்கவில்லை. "எந்த ஏரியா?" என்று மட்டும் கேட்டார். வந்தவர் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு தெருவின் பெயரைச் சொன்னார். அப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஒரு தெருவின் பெயருக்கு ஏன் கதவைச் சாத்த வேண்டும் என்று நான் யோசித்தேன். அது லால்பாகுக்கு ரொம்ப தூரமோ?

"அவங்ககிட்ட நாம குடுக்கறதும் இல்ல, எடுக்கறதும் இல்ல" என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

பெரியவர்கள் தெரியாமல் பேசும்போது திருத்த வேண்டியது என் கடமை என்று பட்டது. "நான் ஏற்கெனவே குடுத்து வாங்கிட்டேன்பா. ஒண்ணும் ஆகல. கால்தான் வந்துச்சு" என்று மெஷினை நீட்டிக் காட்டினேன்.

அப்பா குனிந்து அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நானும் கொஞ்சம் அழுதேன்.

கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் சித்தப்பா என்ற வார்த்தையே புழங்கவில்லை. பிறகொரு ஞாயிற்றுக்கிழமை அம்மா எனக்குச் சடை பின்னி, நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டாள். எங்கே என்று அப்பா கேட்டார். "இவளுக்குப் பேயப் பாக்கணுமாம். லால்பாக் வரைக்கும் போய்க்கினு வரேன்" என்றாள் அம்மா. நான் அப்படிக் கேட்கவே இல்லை, குட்டிதான் என் கையிலேயே இருந்ததே. வாயைத் திறப்பதற்குள் கிள்ளு விழுந்தது. பாறை மேட்டில் சித்தப்பாவும் அக்காவும் காத்திருந்தார்கள். அக்காவை இனிமேல் சித்தி என்று கூப்பிட வேண்டும் என்றார்கள். அம்மாவும் சித்தியும் முதலில் எனக்கு ஆளுக்கொரு பக்கம் தள்ளி உட்கார்ந்தார்கள். பிறகு என் தலையில் பேன் இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்த வருஷம் நாங்கள் பேயைப் பார்க்கப் போகாத மாதம் இல்லை. ஒருமுறை நாங்கள் செருப்பு மாட்டும்போது அப்பா பேப்பரிலிருந்து தலை நிமிராமல், "பேயிக்கு வெறுங்கையோட போவாதிங்க. பழம் வாங்கிக்கினு போங்க" என்றார். அதற்கும் அடுத்த வருஷம், சித்தியின் இடுப்பில் பிள்ளையோடு அவர்கள் எங்கள் வாசலில் வந்து நின்றபோது, அப்பா ஈரத்துணி எடுத்துக் கதவில் இருந்ததைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டார். தர்காப் பெரியவர் சொன்னது பலித்துவிட்டது என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

போன மாதம் என் மகன் அவனுடைய புதுக் கேமில் அதே பேயைப் பிடித்து, கால் வரவில்லை என்று என்னிடம் வந்தான். பெருமையோடு சட்டத்தைச் சொன்னேன். இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும், மண்டலம் காத்திருக்க வேண்டும். அவன் எதிர்வீட்டுப் பையனோடு உட்கார்ந்தான். பேய் போயிற்று, கால் முளைத்தது, நான் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் திரும்பி வந்துவிட்டது. கால் கெட்டியாக நின்றது.

"மண்டலமெல்லாம் ஒண்ணும் இல்லயேம்மா. யாரு உனக்கு அப்படிச் சொன்னது?" என்றான்.

சித்திக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். அவள் பேசவே முடியாமல் சிரித்தாள். "அதுவரைக்கும் உங்க சித்தப்பா எங்கிட்ட ஒண்ணும் சொல்லலடி. இந்த ஒரு ஞாயித்துக்கெழமயோட கதை முடிஞ்சிரும்னு பயந்துட்டேன். அதான் கைய வச்சேன். அவருக்கும் தெரியும், திருப்பி வாங்க ஒரு நிமிஷம் போதும்னு. தெரிஞ்சுக்கினே ஆமா ஆமான்னாரே, அப்பத்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு."

அவர்களுடைய கல்யாணம் நடந்தது ரிஜிஸ்டர் ஆபீசில் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது நடந்தது லால்பாக் பாறை மேல், என் கண்ணெதிரில், என் மெஷினுக்கு மேலே, ஒரு கைமேல் ஒரு கை பட்ட அந்த நிமிடத்தில். நான் குனிந்து பேயின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.